நேர்க்கோடும் சாலையும்: புவியியல் தகவல் முறையில் உயர்படிப்பு

தோட்ட அலுவலகங்களுக்குச் சென்றவர்கள் அங்கே சுவரில் தொங்கும் பெரிய நிலப்படத்தைக் கண்டிருப்பார்கள். எந்தத் தீம்பாரில் எந்த ஆண்டு நடவு நடந்தது, அது எத்தனை ஏக்கர், ஆறு எங்கே வளைகிறது, செம்மண் சாலை எங்கே முடிகிறது, தொழிலாளர் குடியிருப்பு எந்த மூலையில் உள்ளது என்னும் விவரங்களெல்லாம் அதில் வண்ணம் தீட்டிக் காட்டப்பட்டிருக்கும். கிராணியின் பேரேட்டில் எண்கள் இருக்கும். சுவர்ப்படத்தில் இடங்கள் இருக்கும். இவ்விரண்டையும் பிணைத்துக் கணினியில் வைத்துக்கொண்டு, இடத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விடை காணும் ஏற்பாட்டிற்கே புவியியல் தகவல் முறை என்று பெயர். ஜி.ஐ.எஸ். என்னும் சுருக்கப் பெயரால் அது உலகெங்கும் அறியப்படுகிறது.

கனடாவின் பரந்த நிலங்களை வகைப்படுத்தி அறியும் பொருட்டு 1960ஆம் ஆண்டுகளில் ரோஜர் டொம்லின்சன் என்பவரின் தலைமையில் உருவாக்கப்பட்ட ஏற்பாடே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அக்காலத்தில் ஒரு நிலப்படத்தைக் கணினிக்குள் ஏற்றுவதே பெருஞ்செயலாக இருந்தது. இன்றோ, கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் தாம் நிற்குமிடத்தைப் படத்தில் கண்டுகொள்ளலாம். கணினியில் சில பொத்தான்களை அழுத்தி, வண்ணப்படம் ஒன்றை அரை மணி நேரத்தில் வரைந்துவிடலாம். அப்படியிருக்க, இதற்கெனப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கணக்கில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பெற்றோர்கள் கேட்பது நியாயமே. உயர்நிலையில் கற்பிக்கப்படும் இரு பகுதிகளான இடஞ்சார் பகுப்பாய்வும் அதற்கான நிரல் எழுதும் பயிற்சியும், படம் வரையும் வேலையிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

இடத்தை ஆராயும் அறிவு நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது இங்கு உயிர்களைக் காத்துள்ளது. 1901ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்திற்கு மருத்துவராக வந்த டாக்டர் மால்கம் வாட்சன், கிள்ளான் நகரிலும், இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களின் நீரை வடித்து, மலேரியாக் காய்ச்சலை வெகுவாகக் குறைத்தார். பின்னர் அவருடைய கவனம் இரப்பர்த் தோட்டங்களின்பால் திரும்பியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் அங்கே இக்காய்ச்சலால் பெருமளவில் மடிந்துகொண்டிருந்த காலம் அது. பலமுறை மலேரியா கண்ட குழந்தைக்கு மண்ணீரல் வீங்கும். வாட்சன் தோட்டக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு அவ்வீக்கம் உள்ளது என்று தோட்டவாரியாகக் குறித்தார்.

அக்கணக்கை நிலத்தின் அமைப்போடு ஒப்பிட்டபோது ஓர் உண்மை புலப்பட்டது. கடலோரச் சமவெளியில் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டிய தோட்டங்களில் நோய் தணிந்தது. மலைச்சரிவுகளை அடுத்த தோட்டங்களிலோ காட்டை அழித்த பின்னரும் நோய் தணியவில்லை. மேலும் கடுமையாகவும் ஆயிற்று. சமவெளிக் காட்டின் கொசு, நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மலைப்பகுதியின் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகுவது. ஓடைக்கு மேலிருந்த மரங்களை வெட்டியதே அதற்கு வசதியாகிவிட்டது. ஆகவே, மலைப்பகுதிகளில் நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்துவது, ஓடைகளில் எண்ணெய் தெளிப்பது முதலிய வேறு வழிகள் கையாளப்பட்டன. இவ்வனுபவங்களை வாட்சன் 1911ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒரே வேலை இரண்டு இடங்களில் இரண்டு விளைவுகளைத் தந்தது என்பதை அவர் கண்டது, எண்களை இடத்தோடு சேர்த்துப் பார்த்தமையால்தான். இடஞ்சார் பகுப்பாய்வு எனப்படுவதும் இதுவே.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் குடியிருப்பில் 40 வீடுகள். அரசாங்கக் கிளினிக் ஆற்றின் மறுகரையில் உள்ளது. நேர்க்கோட்டில் அளந்தால் அதன் தூரம் 4 கிலோமீட்டர். பாலமோ வெகு தொலைவில். சாலை வழியே செல்வதானால் 17 கிலோமீட்டர். அதில் 6 கிலோமீட்டர் செம்மண் சாலை.

திட்டமிடும் அலுவலர் ஒருவர் கணினியில் கிளினிக்கை மையமாக வைத்து, 5 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரையச் சொல்கிறார். ஒரு பொத்தானை அழுத்தினால் வட்டம் தோன்றிவிடுகிறது. நம் குடியிருப்பு வட்டத்திற்குள் விழுகிறது. வசதி பெற்ற பகுதி என்று பச்சை வண்ணத்தில் காட்டப்படுகிறது. அடுத்து அமையவிருக்கும் கிளினிக்கும், நடமாடும் மருத்துவக் குழுவும் வட்டத்திற்கு வெளியே உள்ள ஊர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. இதில் எவரும் பொய்யுரைக்கவில்லை. கணினியும் கேட்டதைச் செய்தது. ஆயினும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச் செல்லும் வண்டி ஆற்றின்மேல் பறக்க முடியாது.

இலண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டு வாந்திபேதி பரவியபோது, பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயே அதற்குக் காரணம் என்று காட்டிய டாக்டர் ஜான் ஸ்நோ இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தார். இறந்தோரின் வீடுகளைப் புள்ளியிட்டு அவர் வரைந்த படம் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த படத்தில் அவர் ஒரு கோட்டையும் சேர்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. பிராட் தெருக் குழாய்க்கும் சுற்றிலும் இருந்த மற்றக் குழாய்களுக்கும் நடந்து செல்லும் தூரம் சமமாக இருக்கும் இடங்களை இணைத்த கோடு அது. தெருக்களின் வழியே நடக்கும் தூரத்தையே அவர் கணக்கிட்டார்.

ஸ்நோ கையால் அளந்ததைக் கணினி எவ்வாறு அளக்கிறது? டச்சுக் கணிதவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, தாளும் பென்சிலுமின்றி ஏறத்தாழ இருபது நிமிடங்களில் இதற்கான வழியைச் சிந்தித்ததாகப் பின்னாளில் கூறியுள்ளார். 1959ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். வழி மிக எளிது. கிளினிக்கிலிருந்து புறப்படுங்கள். அதனோடு நேரடியாக இணைந்த சந்திப்புகளில் மிக விரைவில் அடையக்கூடியதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து செல்லக்கூடிய சந்திப்புகளையும் பட்டியலில் சேர்த்து, மீண்டும் அவற்றுள் மிக விரைவில் அடையக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். இவ்வாறு ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே சென்றால், ஒவ்வோர் இடத்திற்கும் ஆகும் மிகக் குறைந்த நேரம் கிடைத்துவிடும். குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுவது போன்றது இது. ஆனால் இந்த அலை சாலைகளின் வழியே மட்டும் பரவும்.

நம் குடியிருப்பின் கணக்கைப் பார்ப்போம். தார்ச்சாலை 11 கிலோமீட்டரை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 13 நிமிடங்கள் ஆகும். செம்மண் சாலை 6 கிலோமீட்டரை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 18 நிமிடங்கள். ஆக 31 நிமிடங்கள். மழைக்காலத்தில் செம்மண் சாலையில் வேகம் பாதியாகக் குறைந்தால் மொத்தம் 49 நிமிடங்களாகிவிடும். வட்டம் காட்டிய 4 கிலோமீட்டரை அதே தார்ச்சாலை வேகத்தில் கணக்கிட்டால் 5 நிமிடங்கள்தாம். ஒரே வீடு, ஒரே கிளினிக். கேள்வியை மாற்றியவுடன் 5 நிமிடம் 49 நிமிடமாகிறது.

சாலை வழியே கணக்கிடும் பொத்தானும் விற்பனையிலுள்ள மென்பொருள்களில் உண்டு. அதை அழுத்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வீட்டைக் குறிக்கும் புள்ளி எந்தச் சாலையைச் சேர்ந்தது என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. பெரும்பாலான மென்பொருள்கள் புள்ளிக்கு மிக அருகிலுள்ள சாலையோடு அதை ஒட்டிவிடும். தோட்டத்தின் உட்சாலைகள் தனியாருடையவை. பொதுச் சாலைப் பட்டியலில் அவை பல வேளைகளில் இடம்பெறுவதில்லை. அவை இல்லாதபோது மிக அருகிலுள்ள சாலை ஆற்றின் மறுகரையில் இருக்கலாம். கணினி சற்றும் தயங்காமல் 40 வீடுகளையும் ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து, கிளினிக் பக்கத்திலேயே உள்ளது என்று விடை தரும். படத்தைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம் நகர்த்தப்பட்டது, இடையில் ஆறு குறுக்கிடுகிறதா என்று சோதிக்கும் சில வரிகளை எழுதத் தெரிந்தவரே இதைக் கண்டுபிடிப்பார்.

இடக்குறிப்பு எண்களிலும் இத்தகைய கண்ணி உண்டு. தீபகற்ப மலேசியாவின் பழைய நிலப்படங்கள் கெர்த்தாவ் என்னும் அளவை அடிப்படையைக் கொண்டவை. இன்றைய துணைக்கோளக் கருவிகள் வேறோர் அடிப்படையில் இடத்தைக் கூறுகின்றன. நம் நாடும் 2003ஆம் ஆண்டில் அதற்கு இசைவான புதிய அடிப்படையை ஏற்றுக்கொண்டது. பழைய எண்ணை மாற்றாமல் புதிய படத்தில் வைத்தால், இடம் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். ஓர் ஆற்றைத் தாண்டுவதற்கு அது போதும். மற்றொன்று, தூரத்தைப் பாகைக் கணக்கில் அளந்துவிடும் தவறு. நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள நம் நாட்டில் கிழக்கு மேற்காக ஒரு பாகையும் வடக்குத் தெற்காக ஒரு பாகையும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர்தாம். எனவே, தவறாக எழுதிய நிரலும் இங்கே சரியான விடை தருவதுபோல் தோன்றும். அதே நிரலை இலண்டனில் பயன்படுத்தினால், அங்குக் கிழக்கு மேற்குப் பாகை 70 கிலோமீட்டருக்கும் குறைவாதலால், விடை பெரிதும் பிழையாகிவிடும். நம் மாணவர்கள் இதைத் தனிக் கவனத்துடன் கற்க வேண்டியுள்ளது.

நிரல் எழுதுவதால் வேலை விரைவாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். முந்நூறு குடியிருப்புகளுக்கு இதே கணக்கைப் போட வேண்டுமானால் பொத்தானை முந்நூறு முறை அழுத்துவதைவிட ஐம்பது வரி நிரல் சிறந்தது என்பது உண்மையே. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நிரலில் ஒவ்வோர் ஊகமும் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். செம்மண் சாலைக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், இரவில் மூடப்படும் தோட்ட வாயிலைத் திறந்ததாகக் கொள்வதா, மழைக்காலத்தைச் சேர்ப்பதா என்பவை அங்கே வெளிப்படையாக நிற்கும். வேறோர் அலுவலரோ, ஒரு தொழிற்சங்கமோ, ஓர் ஊர்க்குழுவோ அந்த வரியைச் சுட்டிக்காட்டிக் காரணம் கேட்கலாம்; எண்ணை மாற்றி மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். அச்சிட்ட பச்சை வண்ணப்படத்திடம் அவ்வாறு கேட்க முடியாது.

உயர்படிப்பில் கற்பிக்கப்படும் மற்றொரு பாடம் சராசரி பற்றியது. ஒரு முக்கிமில் 4,000 வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 3,840 வீடுகள் பட்டணத்தில். கிளினிக்கிற்கு 10 நிமிடப் பயணம். மீதி 160 வீடுகள் நாம் மேலே கண்டது போன்ற நான்கு குடியிருப்புகளில். மழைக்காலத்தில் 49 நிமிடப் பயணம். முக்கிம் முழுமைக்கும் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 11½ நிமிடங்கள் என வரும். அறிக்கையைப் படிப்பவர் மனநிறைவு கொள்வார். 160 குடும்பங்கள் அந்தச் சராசரியில் மறைந்துவிட்டன. எல்லையை எங்கே வகுக்கிறோமோ அதற்கேற்ப விடையும் மாறும் என்பதை ஆய்வாளர்கள் 1930ஆம் ஆண்டுகளிலேயே கண்டறிந்தனர். இன்றைய மாணவர், ஒரே விவரத்தை முக்கிம் அளவிலும், ஒரு கிலோமீட்டர்ச் சதுர அளவிலும், குடியிருப்பு அளவிலும் நிரலால் மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, விடை எங்கே கவிழ்கிறது என்று பார்க்கப் பழக்கப்படுகிறார்.

வெள்ளம் குறித்த பாடமும் தோட்டப்புறத்தினருக்கு நேரடியாகத் தொடர்புடையது. நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் உயரத்தையும் சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களோடு ஒப்பிட்டு, மிகச் சரிவான பக்கம் நீர் ஓடும் எனக் கொள்வது பரவலாகக் கையாளப்படும் வழி. ஒவ்வொரு சதுரத்திற்கும் மேலிருந்து எத்தனை சதுரங்களின் நீர் வந்து சேர்கிறது என்று எண்ணினால் ஓடைகளும் ஆறுகளும் தாமாகவே புலப்படும். இதற்கான உயரக் கணக்கு எங்கிருந்து வருகிறது? 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு அளந்த கணக்கு இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது; பலரும் அதையே பயன்படுத்துகின்றனர். ஆனால், அந்த ரேடார் அலைகள் அடர்ந்த மரக்கூட்டத்தின் மேற்பகுதியிலேயே பெரிதும் எதிரொலித்துத் திரும்பின. முதிர்ந்த செம்பனை நிற்கும் தீம்பாரும் அவ்வாண்டில் மறுநடவுக்காக வெட்டப்பட்டிருந்த தீம்பாரும் அடுத்தடுத்து இருந்தால், சமதரையில் திடீரென ஒரு மேடு எழுந்து நிற்பதாகக் கணினி எண்ணும்; நீரை அம்மேட்டைச் சுற்றி வேறு பக்கம் திருப்பிவிடும். உண்மையில் வெள்ளம் புகும் குடியிருப்பு படத்தில் பாதுகாப்பான இடமாகிவிடக்கூடும். எந்தத் தீம்பார் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்று தெரிந்த தோட்டத்துப் பிள்ளை இந்தப் பிழையை வகுப்பில் முதலில் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்கலாம்.

மண் பரிசோதனை செய்த சில இடங்களைக் கொண்டு, பரிசோதிக்காத இடங்களின் தன்மையை மதிப்பிடும் முறையும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியியலாளர் டேனி கிரிக் 1951ஆம் ஆண்டில் தொடங்கிவைத்து, பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மத்தெரோன் செம்மைப்படுத்திய அம்முறை, மதிப்போடு அதன் நிச்சயமின்மையையும் சேர்த்துச் சொல்லும். செம்பனைக்கு உரமிடும் அளவை முடிவு செய்வோருக்கு அது பயன்படுகிறது. இதற்குப் புள்ளியியலும் அணிக்கணிதமும் நன்கு தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புவித்தகவலியல் பட்டப்படிப்பு உண்டு. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நில அளவை, புவித்தகவல் சார்ந்த படிப்புகள் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் புவியியல் பாடத்தின் பகுதியாக இது கற்பிக்கப்படுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்கென முதுகலைப் படிப்பு இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தில் நல்ல தேர்ச்சி பெற்று, எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா ஆகியவற்றுள் ஒன்றன் வழியே பட்டப்படிப்புக்குச் செல்லலாம். நில அளவை, நகர்ப்புற நாட்டுப்புறத் திட்டமிடல், வடிகால் நீர்ப்பாசனம், சுகாதாரம் முதலிய அரசாங்க இலாகாக்களும், பெரிய தோட்ட நிறுவனங்களும், தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இத்துறையினரை அமர்த்திக்கொள்கின்றன.

சேருமுன் பெற்றோரும் மாணவரும் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். பாடத்திட்டத்தில் நிரலாக்கம் எத்தனை பருவங்கள் உள்ளது, மாணவரே எழுதிய நிரலுக்கு மதிப்பெண் உண்டா என்பதே அது. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருளில் பொத்தான் அழுத்தப் பழக்குவதோடு நின்றுவிடும் சிறு பயிற்சிகளும் சந்தையில் உள்ளன. அவை ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர உதவலாம். ஆனால், ஆற்றுக்கு அப்பால் ஒட்டப்பட்ட 40 வீடுகளைக் கண்டுபிடிக்க உதவமாட்டா.

இப்படிப்பு தமக்குப் பொருந்துமா என்று ஐயுறும் மாணவர்கள் பணச்செலவின்றிச் சோதித்துப் பார்க்கலாம். 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருளும், பைத்தன் என்னும் நிரல் மொழியும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியத் துணைக்கோளங்கள் எடுத்துவரும் 10 மீட்டர் நுணுக்கமுள்ள படங்களும் இலவசமே. உங்கள் தோட்டத்திலிருந்தோ தாமானிலிருந்தோ அருகிலுள்ள கிளினிக்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். படத்தில் தெரியும் சாலைகளைக் கோடுகளாக வரைந்து, தார்ச்சாலை, செம்மண் சாலை என்று பிரித்து எழுதுங்கள். தோட்டத்தின் உட்சாலையை வரைவதற்கு முன் நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுங்கள். வீட்டுக்காரர் பெயர்களைக் குறிக்க வேண்டா. நேர்க்கோட்டுத் தூரத்தை முதலிலும், மேலே கூறிய டைக்ஸ்ட்ராவின் வழியை நிரலாக எழுதிச் சாலைத் தூரத்தை இரண்டாவதாகவும் கணக்கிடுங்கள். முதல் முயற்சியில் நிரல் ஓடாது. பெரும்பாலும் ஓர் இடைவெளியோ அடைப்புக்குறியோ தவறியிருக்கும். சரியாக ஓடியபின், உரிமம் பெற்ற அண்ணனையோ அக்காளையோ மோட்டார் சைக்கிளில் அழைத்துக்கொண்டு அதே வழியில் கிளினிக்குக்குப் போய், ஓடுதூரக் கருவி காட்டும் எண்ணை உங்கள் விடைக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் வேறுபட்டால், எந்தச் சந்திப்பில் சாலை விட்டுப்போயிற்று என்று தேடத் தொடங்கலாம்.